ஆறு வயதா, பன்னிரண்டா

பாட்டிலைக் குலுக்கியது தலாய்பெக்தான். கார்ட்டூன் குதிரைக்குட்டியைக் கத்தியோடு ஒருவன் கொட்டகைக்கு இழுத்துப் போகும் நேரம், கை சும்மா இருக்க மாட்டாமல் மூடியைத் திருகினான். மக்சிம் என்னும் புளித்த தானியப் பானம் பீறிட்டு, குல்சாரா அக்காவின் கொண்டையையும் திரையையும் ஒருசேர நனைத்தது. அவள் படத்தை நிறுத்தினாள்.

"படம் பிடிக்கலன்னா வாயால சொல்லுடா தம்பி," என்றாள் அவள், கொண்டையைப் பிழிந்தபடி.

நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கு வரும் சிறுவர் படம். ஆறு வயதுக்கு மேலா, பன்னிரண்டுக்கு மேலா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கின் அந்தக் குளிர்ந்த அறையில், தணிக்கைக் குழு என்பது இவர்கள் இருவர்தான்.

"பன்னெண்டு போடுங்கக்கா. சின்னதுங்க தாங்காது."

"அட போடா! நம்ம ஊர்ல குதிரை அறுக்கறப்போ குடல் கழுவத் தண்ணி ஊத்தறதே அதுங்கதான்."

தலாய்பெக் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினான். டிசம்பரில் அண்ணன் குளிர்கால இறைச்சிக்கு அறுத்த குதிரைக்குட்டிக்குச் சாம்பல் என்று பெயர் வைத்ததே இவனுடைய ஏழு வயது மகள் ஆய்பிகேதான். அது எங்கே என்று கேட்டாள். மலை மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்றைய விருந்தில் எவ்வளவு தின்றும் இவன் தட்டு காலியாகவே இல்லை. அண்ணியின் தாராளம் என்று மெச்சிக்கொண்டே குனிந்து தின்றான். நாட்டுப் பிள்ளைகள் எதைத் தாங்கும் என்று தீர்மானிக்கும் அதிகாரி, சொந்தப் பிள்ளையின் முகத்தை அன்றிலிருந்து நேராகப் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பின்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் விட ஆளில்லாமல் அழைத்து வந்திருந்தான்.

குல்சாரா பின்னால் திரும்பினாள். "நமக்குள்ள எதுக்குச் சண்டை? ஆய்பிகே, இங்க வாடி கண்ணு. அந்தக் குட்டிய எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

தலாய்பெக் முந்திக்கொண்டான். "மேய்ச்சலுக்குத்தாம்மா. நம்ம சாம்பல் மாதிரி."

திரையில் குட்டி ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. அதன் காதிலிருந்து மக்சிம் வழிந்தது. ஆய்பிகே அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பனியில யாருப்பா மேய்ச்சலுக்குப் போவாங்க? சாம்பல பெரியப்பா அறுத்துட்டாரு. நீ தின்ன. நான் தின்னல. என் பங்கையும் உன் தட்டுலதான் வெச்சேன்." மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டாள். "படத்தப் போடச் சொல்லு. இது என்ன ஆவுதுன்னு நான் பாக்கணும்."