நூற்றிருபது மரங்களும் ஒரு துடைப்பமும்

வெள்ளிக்கிழமை மாலைச் செய்தியில் வானிலை சொல்கிறவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். ஓடெல் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்த மனிதர் கோட்டைக் கழற்றினால் வருவது வெறும் மழை இல்லை என்பது, மிசிசிப்பி ஆறு கடலில் விழுகிற அந்தக் கடைக்கோடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் இது ஜனவரி. ஜனவரியில் புயல் வராது.

வரப்போவது பனி என்றார் அவர். செவ்வாய்க்கிழமை விடியும்போது கொட்டத் தொடங்கும், கணுக்காலுக்கு மேல் நிற்கும், அன்று இரவு உறைநிலைக்குக் கீழே பதினைந்து டிகிரி வரை போகும் என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. அவரும் வாழ்நாளில் பனியைக் காட்டி வரைபடம் போட்டதில்லை.

கிளோவிஸ் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பனி ஊருக்குப் போவோம், பனி ஊருக்குப் போவோம்னு மூணு வருஷமா நச்சரிச்சியே. நீ கிளம்புறதுக்குள்ள அதுவே உன்னைத் தேடி வந்துடுச்சு பாரு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மகள் ஜனீன் ஓஹையோவில் இருக்கிறாள், வீட்டின் பின்பக்கம் அவர்களுக்கென்று ஓர் அறையைக் காலியாகவே வைத்திருக்கிறாள். மூன்றரை வருஷத்துக்கு முன் அடித்த புயலில் கடல் தோட்டத்துக்குள் ஏறி வந்து நான்கு நாள் உட்கார்ந்துவிட்டுப் போனபோதே ஓடெல் பெட்டியைக் கட்டிவிட்டாள். கிளோவிஸ்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இன்னும் ஒரே ஒரு தடவை நடுகிறேன், இதுவும் போனால் நீ சொன்ன இடத்துக்கு வாயைத் திறக்காமல் வருகிறேன் என்றார். அறுபத்தைந்து வயதில் ஆரஞ்சுக் கன்று நடுகிறவனை ஊர் என்னவென்று சொல்லுமோ அதைத்தான் சொன்னது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புயலில் பிழைத்த பழைய மரங்கள் பதினொன்று, புதிதாக வைத்த கன்றுகள் நூற்றைம்பது. எல்லாம் சட்சுமா, தோல் தானாகக் கழன்று வருகிற சின்ன ஆரஞ்சு. போன நவம்பரில்தான் முதல் தடவையாகக் காய்த்தன. சாலையோரம் மேசை போட்டு கிளோவிஸ் அவற்றை விற்ற அழகைப் பார்க்க வேண்டும். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் மென்று முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பக்கத்து ஆரஞ்சுக்காரர்களுக்குக் குளிர் புதிதில்லை. நவம்பரிலேயே ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒட்டுப் போட்ட இடம் மறையும்படி முழங்கால் உயரத்துக்கு மண் குவிப்பார்கள். மேலே கிளையெல்லாம் கருகினாலும் ஒட்டுக்கு மேல் நாலு விரல் உயிரோடு இருந்தால் மரம் மறுபடி வரும். ஒட்டு செத்தால் கீழிருந்து முள்ளும் கசப்புமாக வேறொன்று முளைக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்படி குளிர் வரவில்லை. குவித்த மண்ணில் எறும்பு புற்று வைத்ததுதான் மிச்சம். ஊரே அந்த வேலையை விட்டது, கிளோவிஸும் விட்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் மண்வெட்டியை எடுத்தார். ஒரு வாரமாகப் பெய்த மழையில் ஆற்றங்கரைக் களிமண் ஈயம்போலக் கனத்தது. மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரமாகக் குவித்துக்கொண்டே வந்தார்.

ஊர் தனக்குத் தெரிந்த விதத்தில் தயாரானது. புயலுக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் பனிக்கும் செய்தார்கள். கடையில் ரொட்டியும் பாலும் பேட்டரியும் தீர்ந்தன. தேவாலயத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் எதற்கென்றே தெரியாமல் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்து வெர்னல் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவன் பரம்பரைச் சோம்பேறி, அதை ஒளிக்கவும் மாட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் பியர் டப்பாவோடு நின்று கிளோவிஸ் மண் வெட்டுவதை வேடிக்கை பார்த்தான்.

"மிஸ் ஓடெல், உங்க வீட்டுக்காரர் தனக்கே குழி வெட்டிக்கிறாரா?" என்றான்.

"உனக்கும் சேர்த்துத்தான். நீ வந்து படுத்தா போதும், மண்ணை நான் தள்ளிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பத்தோராவது மரத்தில், கிளோவிஸின் முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஓடெலும் வெர்னலும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தாங்கி, மரக்கால்கள்மேல் நிற்கும் அந்த வீட்டின் பதினான்கு படிகளையும் ஏற்றி, தோட்டம் தெரியும் ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். வலி மாத்திரை போட்டும் அவர் கண்ணை மூடவில்லை. மண் குவிக்காத நூற்றிருபது மரங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

திங்கட்கிழமை முழுதும் ஓடெல் வேறு வேலை பார்த்தாள். வீட்டுக்கடியில் தொங்கும் தண்ணீர்க் குழாய்களுக்குப் பழைய போர்வை சுற்றினாள். இறால் போட்டுக் கம்போ என்கிற கெட்டிச் சூப்பைக் காய்ச்சினாள். தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். மண்வெட்டியைத் தொட்டே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று தடவை ஓங்கிப் பார்த்தாள், களிமண் கழலவில்லை, சாய்த்து வைத்துவிட்டாள். இன்னும் முயன்றிருந்தால் பத்து மரத்துக்காவது குவித்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரல் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் ஜனீன் கூப்பிட்டாள். அவள் ஊரில் பனி என்பது குப்பை வண்டி மாதிரி, வாரா வாரம் வருகிற சமாசாரம். படி, நடைபாதை, கார் என்று எதன் மேலும் விட்டுவைக்கக் கூடாது, விழுந்த உடனே பெருக்கித் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் கல்லாக இறுகிவிடும், பிறகு கடப்பாரைதான் என்று சொன்னாள். அப்பாவிடம் கொடு என்றாள். கிளோவிஸ் போனை வாங்கி, அந்தப் பின்பக்கத்து அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மகளிடம் கேட்டார். கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டார். எழுபதை நெருங்குகிற மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுததை ஓடெல் கதவருகே நின்று பார்த்தாள். முந்தைய புயலில் எல்லாம் போனபோதுகூட அவர் அழவில்லை.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது சரிதான். ஆனால் படுகிற காலைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது இருக்கிறதே, அது வேறு. போனால் போகட்டும் என்ற குரல் அந்த நிமிஷமே அவளுக்குள் அடங்கிவிட்டது. ஓஹையோவும் வேண்டாம், பின்பக்கத்து அறையும் வேண்டாம், இந்த மனிதருக்கு அவருடைய மரங்கள் இருக்கட்டும் என்று நினைத்தாள். மனசார நினைத்தாள். ஆனால் அப்போது இருட்டிவிட்டது, வெளியே எலும்பு நடுங்கும் மழை.

செவ்வாய்க்கிழமை விடியும்போது மழை வெள்ளையாக மாறியிருந்தது. காற்று இல்லை, சத்தம் இல்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு வருகிற ஆபத்தைத்தான் அந்த ஊருக்குத் தெரியும். இப்படிப் பூனை நடை நடந்து வருவதை என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வெர்னல் தன் சின்னப் படகை வண்டிக்குப் பின்னால் கட்டி, அதில் மனைவியை உட்காரவைத்து, ஆற்றங்கரை அணைமேல் இழுத்துக்கொண்டு போனான். அவள் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டது.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பனி நின்றது. தோட்டம் முழுக்க முக்கால் முழ வெள்ளை. நூற்றிருபது மரங்களின் அடியும் அதற்குள் புதைந்திருந்தது. ஓடெல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது சேறு.

முந்தைய புயலில் கடல் வடிந்த அன்று, சதுப்பு நிலத்துச் சேறு மரங்களின் அடியில் இதே உயரத்துக்குத்தான் நின்றது. காப்பீட்டுக்காரன் வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஒருத்திதான் தட்டை மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கி, பொழுது சாய்வதற்குள் எட்டிய மட்டும் சுரண்டி அள்ளினாள். பிழைத்த பதினொன்றும் அவள் சுரண்டிய மரங்கள்தான். புயல் விட்டுப் போனதைச் சூரியன் விழுவதற்குள் அள்ளிவிடு என்று அந்த ஆற்றங்கரையில் எல்லாரும் சொல்வார்கள். அவள் செய்தே காட்டியவள்.

கிளோவிஸின் இரண்டு காலுறைகளைத் தன்னுடையவற்றின்மேல் மாட்டிக்கொண்டாள். சமையலறைத் துடைப்பத்தையும் மண்வாரியையும் எடுத்தாள்.

"எங்க போற?" என்றார் அவர்.

"உன் பிள்ளைங்க மேல கிடக்கிற போர்வையை எடுக்க."

"வேண்டாம் ஓடெல். விழுந்து தொலைப்ப."

"நான் விழுந்தா படகு கட்டி இழுத்துட்டு வர வெர்னல் இருக்கான். நீ படு."

ஒரு மரத்துக்கு இரண்டு நிமிஷம். முதலில் கிளைகளைத் தட்டினாள், பிறகு அடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தரை தெரியும்வரை வாரினாள், கடைசியாகத் தண்டோடு ஒட்டியிருந்ததைத் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்கிவிட்டாள். ஐம்பதாவது மரத்தில் விரல்கள் மரத்துப்போயின. எண்பதாவதில் துடைப்பக் கட்டையில் ரத்தம் இருந்தது, எந்த விரலிலிருந்து என்று தெரியவில்லை. கிளோவிஸ் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம் இருந்தது. அதற்காகவே மிச்ச மரங்களையும் முடித்தாள். கடைசி மரத்தை விட்டு அவள் நிமிர்ந்தபோது பொழுது சாயவில்லை.

அன்று சூப்பை அவர்தான் அவளுக்கு ஊட்டினார், அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. உன்னைப்போல ஒருத்தி இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் இல்லை என்றார்.

அந்த இரவு வானிலைக்காரர் சொன்னதைவிட இரண்டு டிகிரி அதிகமாகவே இறங்கியது.

இலை உதிர்ந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது, இளவேனிலில்தான் தெரியும் என்று கிளோவிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் தினமும் மரம் மரமாகப் போய் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிய வேண்டும். அவர் மண் குவித்த நாற்பத்தொன்றில் பச்சை இருந்தது. மற்றவற்றில் தரை வரைக்கும் பழுப்பு. நாற்பத்தொரு மரம் தோட்டம் ஆகாது.

மாத முடிவில் அரசாங்க வேளாண் அதிகாரி சேதம் பார்க்க வந்தார், ஹோலிஸ் என்று பெயர், இளைஞர். முதலில் வெர்னலின் தோட்டத்தைத்தான் பார்த்தார். கிளோவிஸும் ஓடெலும் அங்கேயே போனார்கள். மேலே எல்லாம் கருகல். ஆனால் முக்கால் முழ உயரத்தில், கோடு போட்டதுபோல, அதற்குக் கீழே ஒவ்வொரு மரமும் பச்சை. வெர்னலே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். ஒட்டுக்கு மேலேயே தளிர் வந்திருந்தது.

உங்கள் பக்கம் பனி நிற்கவில்லையா என்று ஹோலிஸ் கேட்டார். கிளோவிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நிக்காம என்ன? இதைவிட அதிகமாவே நின்னுச்சு. என் பெண்டாட்டி ஒத்தையாளா நின்னு நூத்தியிருபது மரத்துக்கும் பெருக்கித் தள்ளினா. கையைக் காட்டு ஓடெல், தம்பி பார்க்கட்டும்."

ஹோலிஸ் அவள் கையைப் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்தார். நல்ல பையன், சொல்லாமல் போகத்தான் நினைத்திருப்பார். ஆனால், என்ன தம்பி, ஏன் பேசலை என்று கிளோவிஸ் இரண்டு தடவை கேட்டார். அதனால் ஹோலிஸ் சொன்னார். பனி குளிர்தான், ஆனால் அன்றைய இரவுக் காற்றின் அளவுக்குக் குளிர் இல்லை, அடியை மூடிக் கிடந்த இடத்தில் அது கம்பளி மாதிரி காத்துவிட்டது என்றார். விட்டிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வெர்னல், இதெல்லாம் யாருக்குத் தெரியும் மிஸ் ஓடெல், நான் தூங்கினேன் அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

திரும்பும்போது கிளோவிஸ் செத்த வரிசைகளுக்கு நடுவே கைத்தடி ஊன்றி நடந்தார். அவர் கத்தினால் தேவலை என்று ஓடெல் நினைத்தாள். திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், கட்டிக்கொள்ளலாம். வீட்டுப் படியருகே அவர் நின்றார்.

"ஓடெல், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். விட்டா பிழைக்கும்னு உனக்கு அன்னிக்குத் தெரியுமா?"

திங்கட்கிழமை சாய்த்து வைத்த மண்வெட்டி அவள் நினைவுக்கு வந்தது. அதை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமையைக் கேட்டார். அவளுடைய வாழ்க்கையிலேயே கலப்படமில்லாத நாள் அது.

"தெரியாது கிளோவிஸ்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"நம்புறேன்" என்றார்.

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினார். ஓடெல் கீழேயே நின்றாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை.