லூபென் படித்த ஒன்பது பக்கங்கள்

1978 ஜனவரியில் சார்பியல் மின்னியக்கவியல் பாடநூலைத் திறந்து உட்கார்ந்த லூபென், 2009 வரை ஒன்பது பக்கம்தான் புரட்டியிருந்தான். பல்கேரியாவில் எங்கள் ரூசே நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் ஜன்னலோர மேசை அவனுடையது. வயது இருபத்துமூன்றிலேயே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த தேநீர் ஆறவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய நூலில் காலத்தை எழுதும்போதெல்லாம் கூடவே ஒரு கற்பனை எண்ணைப் போட்டிருப்பார்கள். அதைப் படித்தால் கைக்கடிகாரம் சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான். ஆனால் லூபெனுக்கு அவன் காதலி ஸ்வெத்லா தண்ணீர் வேறு ஊற்றிவிட்டாள். பரீட்சைக்குப் போகிறவன் காலடியில் செம்புத் தண்ணீரை ஊற்றினால் காரியம் தடங்கலில்லாமல் ஓடும். இவள் ஆசை மிகுந்து, முந்தின நாள் படிக்கப் போனவனுக்கே நூலக வாசலில் ஊற்றினாள். அந்த ஈரம் முப்பத்தோரு வருடம் காயவில்லை.

ஸ்வெத்லா அவன் படித்த துறையிலேயே ஆசிரியையாகி, தலைவியும் ஆனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் மத்தியானம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா தின்பாள். வெளியே அரசாங்கம் மாறியது, தெருப் பெயர்கள் மாறின. அவன் ஒரு பக்கம் புரட்டினால் எங்களுக்கு அன்று திருநாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

2009 ஜூனில் ஸ்வெத்லா பாடநூலைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. புதிய நூலில் கற்பனை எண் இல்லை. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பிரதிகள் எல்லாம் காகித ஆலைக்குப் போகும், லூபென் கையில் இருப்பதும்தான்.

"அவன் எந்திரிச்சா ஒன்ன அடையாளம் தெரியுமாடி?" என்றாள் நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் ராய்னா, காயாத வாசலைத் துடைத்துக்கொண்டே.

"தெரியலன்னா போகுதுக்கா. பிள்ளைங்க பாதிப்பேரு ஃபெயிலாகுதுங்க." ஈரத்தைத் தாண்டிப் போகும்போது, "பயமாத்தான் இருக்கு" என்றாள்.

புதிய நூலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அவன் புத்தகத்தைத் தானே மூடினாள். லூபென் நிமிர்ந்தான்.

"பரீட்சைக்கு நேரமாச்சா, ஸ்வெத்லா?"

அழுதுவிட்டாள். "ஆச்சுடா. நான்தான் கேள்வி கேக்கப் போறேன்."

வாய்மொழிப் பரீட்சைக்கு அவன் குலுக்கி எடுத்த சீட்டில் இருந்தது பத்தாம் பக்கத்துக் கேள்வி. ஆறுக்கு இரண்டு போட்டாள். மூன்று வாங்கினால்தான் தேர்ச்சி.

"ஒனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்றான் லூபென்.

"செப்டம்பர்ல மறுபடி வா. நான் சொல்லித் தரேன்."

கோடை முழுக்க இருவரும் அதே மேசையில் புதிய நூலைப் படித்தார்கள். ஆகஸ்டில் லூபெனுக்கு முதல் நரைமுடி வந்தது. அன்று ராய்னா துடைக்க வந்தபோது வாசல் காய்ந்திருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.