கொக்கியில்லாத கிரேன்

என் கண்மணிகளே, கிட்ட வாருங்கள். இன்னும் கிட்ட. இன்று உங்களுக்கு ஓர் அடிதடிக் கதை வைத்திருக்கிறேன். ரத்தம் வரும். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். ஏணி ஏறித்தான் அவளுடைய கேபினுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக அங்கே அவளுடைய தங்கை மகள்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்கு வாயாடி என்று பேர், சின்னவளுக்குப் பொடிசு. லாரி ஓட்டும் புருஷனின் அடி தாங்காமல் தங்கை பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பி வராவிட்டால் கொன்றுவிடுவதாக அவன் சொல்லியனுப்பியிருந்தான். பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடுவானோ என்றுதான் பெரியம்மா கூடவே கூட்டிவந்தாள்.

வாண்டுகள் சும்மா இருக்குமா?

"கிரேன்ல தொங்குற இந்தத் தட்டு எப்படி பெரியம்மா இரும்பைப் புடிக்குது? பசை தடவியிருக்கா?"

பெரியம்மா ஓர் ஆணியில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் டார்ச் பேட்டரியில் வைத்தாள். குண்டூசிகள் ஓடிவந்து ஆணியில் தொங்கின. ஒரு முனையை எடுத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தன.

"கரண்டு ஓடுற வரைக்கும்தான் இது காந்தம். நின்னா வெறும் ஆணி. கீழ தொங்குற தட்டுக்குள்ளயும் இதே கம்பிச் சுத்துதான், ரொம்பப் பெருசு."

"அப்போ கொக்கியே இல்லையா?"

"இல்லடி. புடிச்சு வச்சிருக்கிறது கரண்டு மட்டும்தான்."

பொடிசு ஊசிகளை மறுபடியும் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது கீழே அலறல் கேட்டது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையை அவன் பின்தொடர்ந்து வந்துவிட்டான். கையில் முழ நீள இரும்புக் கம்பி. வேலையாட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதல் அடி தோளில். இரண்டாவது நெற்றியில், முகமெல்லாம் ரத்தம். தங்கை தவழ்ந்துபோய், நசுங்கிக் கிடந்த ஒரு கார்க்கூட்டுக்குள் புகுந்துகொண்டாள். அவன் கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தினான், புற்றுக்குள் குத்துவதுபோல.

பெரியம்மா காந்தத் தட்டைக் காரின் கூரைமேல் இறக்கினாள். மின்சாரம் கொடுத்தாள். டங்கென்று ஒட்டியது. தங்கையோடு சேர்த்து காரைத் தூக்கிவிட்டாள்.

"இறக்குடி!" என்று அவன் கீழேயிருந்து கத்தினான்.

"கம்பியைப் போட்டுட்டு வெளிய போ, இறக்குறேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தூணில் மெயின் சுவிட்ச் இருந்தது.

"இதை அணைச்சா உன் பொம்மை நின்னுடும். அவ அந்தரத்துல கெடக்கட்டும். மொதல்ல மேல வந்து உன் மண்டையைப் பொளக்குறேன்!"

அவன் சரக்கேற்றுகிற இடங்களில் கொக்கிக் கிரேன்கள்தான். அவற்றை அணைத்தால் சுமை தொங்கியபடியே நிற்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தான்.

வாயாடி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். "அப்பா, அணைக்காதீங்க! அம்மா விழுந்துடுவாங்க!"

"போடி நாயே. நான் பாக்காத கிரேனா?"

"நீங்க பாத்தது கொக்கி! இது காந்தம்! கரண்டு போனா விட்டுடும்!"

"காந்தத்துக்கு எதுக்குடி கரண்டு? நம்ம பீரோ கதவுல இருக்குற காந்தம் கரண்டுலயா ஒட்டுது?"

பெரியம்மாவின் கை காரைக் கொஞ்சங்கொஞ்சமாக, தூணுக்குப் பக்கத்திலிருந்த தகரக் குவியலின்மேல் இறக்கிக்கொண்டிருந்தது. "பேசுடி, நிறுத்தாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது எப்பவுமே காந்தம்பா! இது கம்பி சுத்தின காந்தம். உள்ள கரண்டு ஓடினாத்தான் இழுக்கும்! நாங்க ஆணியில கம்பி சுத்தி ஊசியைப் புடிச்சுப் பாத்தோம்!"

"ஆமா, பெரிய வாத்தியாரம்மா! எங்க, எத்தனை ஊசி புடிச்ச?"

"பதினாலு! கம்பியை எடுத்ததும் எல்லாம் கொட்டிருச்சு!"

ஒரு குழந்தையிடம் தோற்கக் கூடாதென்றே அவன் அத்தனை நேரம் நின்று வாதாடினான். கடைசியில் காறித் துப்பிவிட்டுச் சுவிட்சை இழுத்தான்.

தட்டு காரை விட்டது. குவியலுக்கும் காருக்கும் ஓர் ஆள் உயரங்கூட இல்லை. ஆனாலும் கார் தகரத்தின்மேல் மோதி, சரிந்து, வழுக்கிக்கொண்டு வந்து அவனைத் தூணோடு அறைந்தது. முழங்காலுக்குக் கீழே கரும்பு முறிவதுபோல் ஒரு சத்தம்.

கார்க்கூட்டிலிருந்து தங்கை ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு கை செத்துத் தொங்கியது. மற்றக் கையால் அவனுடைய கம்பியை எடுத்தாள்.

"கண்ணை மூடுங்க புள்ளைங்களா!" என்றாள் பெரியம்மா. இரண்டும் மூடவில்லை.

பத்து வருஷம் தன்னை அறைந்த அந்த வலது கைமேல் ஒரே அடி, ஓங்கி அடித்தாள். அவன் ஊளையிட்டான். இன்னொரு அடிக்கு ஓங்கினாள். இந்தத் தடவை தலைக்கு. மேலே பொடிசு விக்கி அழுதது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கம்பியை வீசியெறிந்துவிட்டு, அதே கையால் சுவிட்சை மேலே தள்ளினாள்.

கேபினில் விளக்கு எரிந்தது.

"தூக்குடி, காரைத் தூக்குடி" என்று அவன் கெஞ்சினான்.

வாயாடி திரும்பிப் பார்த்தாள். "தூக்கணுமா பெரியம்மா?"

பெரியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே தங்கை தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தூக்கணும். மெதுவா தூக்கலாம்."

மெதுவாகவே தூக்கினாள். அவனை முதலில் ஆஸ்பத்திரிக்கும் பிறகு ஜெயிலுக்கும் அனுப்பினார்கள். தங்கையின் கை மூன்று மாதத்தில் கூடியது.

உங்கள் வீட்டில், என் செல்லங்களே, யார் கையும் யார்மேலும் ஓங்காதிருக்கட்டும். வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் உங்கள் பிள்ளைகள் ஒளியாமல் ஓடிவரட்டும். கூடப் பிறந்தவர்கள் கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.