இரண்டாவது மிதி

அந்தக் காரின் டிக்கியைத் திறந்தால் தானாக நிற்காது. பழைய துடைப்பக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மெக்கானிக் அன்று காலையும் முட்டுக் கொடுத்தார். கருவிப் பெட்டியையும் கேஸ் சிலிண்டரையும் உள்ளே தள்ளினார். கட்டையை உருவி, மூடி தலையில் விழுவதற்குள் விலகிக்கொண்டார். முன்பெல்லாம் மகள் வந்து மூடியைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வாரமாக அவள் வாசலுக்கே வருவதில்லை.

முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. விளக்கு ஒன்று உடைந்திருந்தது. போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட, மகள் வண்டியை எடுத்தாள். அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பியவள் தெருமுனையைத் தாண்டவில்லை, நேரே சுவரில் போய் முட்டிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவிக்கு மணிக்கட்டு பிசகி, கையில் கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது. அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கத்தான் இப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். காய்ச்சல் விட்டாலும் அசதி விடவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்ததுமே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது அவருக்கு.

ஆனாலும் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஒரு நிம்மதி. வேறு எங்கும் அது அவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், ஏதாவது மரநிழலில் வண்டியை நிறுத்தி, இருக்கையைச் சற்றே சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். அவர் முதுகுக்கு ஏற்றபடி குழிந்து போயிருந்தது அந்த இருக்கை. மற்றபடி வண்டியில் குறையில்லாத இடம் கிடையாது. பின்கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும். ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கையால் பிடித்து ஏற்ற வேண்டும். முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி ரப்பர் பேண்டின் தயவில் மூடியிருந்தது. எதைச் சொன்னாலும், “இன்னும் ஒரு மாசம் ஓடட்டும், பாத்துக்கலாம்” என்பார். “இந்த வண்டிக்கு நாமதான் ஸ்பேர் பார்ட்ஸ்” என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனைக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் அவர் பேசுகிற பேச்சே வேறு. கதவு மூடாத ஃபிரிட்ஜுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பவர்களை அவர் சும்மா விட மாட்டார். “மிஷினுக்கு ஏத்த மாதிரி நீங்க வளைஞ்சு குடுத்துட்டே இருந்தா அது எப்பங்க சொல்லும், எனக்கு உடம்பு சரியில்லன்னு?” என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

மகள் ஓட்டக் கற்றுக்கொண்டது பயிற்சிப் பள்ளியின் புது வண்டியில். வீட்டு வண்டியை அவர் தொட விட்டதில்லை. “இதோட குணம் உனக்குப் பிடிபடாது” என்று தட்டிக் கழித்து வந்தார். லைசென்ஸ் வந்த கையோடு அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும், கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டிய வேலை. அதற்குள் இந்த மோதல். லைசென்ஸை அவள் சமையலறை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளோடு போட்டுவிட்டாள். வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன் என்று நேற்றிரவு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போனார்.

மோதிய அன்று அவர் போர்வையோடு தெருவுக்கு ஓடியிருந்தார். சுவரைச் சுற்றி அக்கம்பக்கம் கூடியிருந்தது. மகள் வெளிறிப்போய் நின்றாள்.

“பிரேக் பிடிக்கலப்பா.”

“நேத்து வரைக்கும் நான் ஓட்டின வண்டி. எனக்குப் பிடிக்கிற பிரேக் உனக்கு மட்டும் பிடிக்காதா? பதட்டத்துல கிளட்சை மிதிச்சிருப்ப.”

எதிர்வீட்டுத் தையல்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர் இல்லை. “லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு, காலுக்கு இன்னும் வரல போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சலா, அவமானமா, ஏதோ ஒன்று, அவரும் சிரித்துவிட்டார். மகள் வேறு யாரையும் பார்க்கவில்லை, அவரை மட்டும்தான் பார்த்தாள். மூன்று முறை, “பிரேக்கைத்தான்பா மிதிச்சேன்” என்றாள். அடுத்த நாளிலிருந்து அதையும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முதல் சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்த மனைவி, அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டு தடவை மிதிக்கணும்னு அவளுக்கு ஏன் நீங்க சொல்லித் தரல?”

“எதை?”

“பிரேக்கை. நீங்க எப்பவும் ரெண்டு மிதி மிதிப்பீங்க. முழங்கால் ரெண்டு தரம் எழும்பும். அவ ஒரே மிதிதான் மிதிச்சா. நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“நான் எங்க ரெண்டு தடவை மிதிக்கிறேன்? உளறாத.”

அடுத்த சிக்னல் வந்தது. அவர் கால் பிரேக்கை மிதித்தது, சட்டென்று விட்டது, மறுபடி மிதித்தது. வண்டி நின்றது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“வண்டின்னா அப்படித்தான் நிக்கும்னு நினைச்சேன்” என்றாள் மனைவி. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஓட்டி மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். மெதுவாகத்தான் ஓட்டினார். ஒரே ஒரு மிதி, அவ்வளவுதான் என்று காலுக்குச் சொல்லிக்கொண்டு மிதித்தார். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் இறங்கியது. வண்டி லேசாக முனகியதே தவிர நிற்கவில்லை. வேலிக் கம்பி நெருங்கி வந்தது. கால் இரண்டாவது மிதிக்குத் துடித்தது. அவர் விடவில்லை. கடைசியில் கை பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினார்.

எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எப்போது ஆரம்பித்தது இது? யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, கால் கொஞ்சம் கொஞ்சமாக ஈடு கட்டியிருக்கிறது. சரிகட்டிச் சரிகட்டி, பிரேக் இல்லாத வண்டியை நல்ல வண்டி என்று நம்பி, அதில் பெண்டாட்டியையும் பெண்ணையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அந்த முனையில் சுவருக்குப் பதில் லாரி ஒன்று திரும்பியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. கதவைத் திறந்து காலை வெளியே வைத்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தது அதைவிட மோசமாக உறுத்தியது. போன் அடித்தது. யார் வீட்டு ஃபிரிட்ஜோ. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கை பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டிக்கொண்டு போனார். கார் மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். தேய்ந்துபோன பிரேக் ஷூவைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“முதல் மிதி சும்மா இடைவெளியை அடைக்கத்தான் போயிருக்கு. ரெண்டாவதுதான் உங்களுக்கு பிரேக். எப்படிங்க இதை ஓட்டினீங்க?”

அதைக் கேட்ட குரலும் பார்த்த பார்வையும் அவருக்கு நன்றாகவே தெரிந்தவை. நாற்காலி முட்டுக் கொடுத்த வீடுகளில் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

“பழகிடுச்சு” என்றார்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தாகிவிட்டது. புது பிரேக்கில் வழியெல்லாம் வண்டி முதல் மிதியிலேயே வெடுக்கென்று நின்றது. பழக்கதோஷத்தில் கால் இரண்டாவது முறையும் மிதிக்க, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போனார். தையல்காரர் மிஷினை நிறுத்தாமல் தலையைத் தூக்கினார்.

“அன்னைக்குப் பொண்ணு மேல தப்பில்லைங்க. வண்டியில பிரேக்கே இல்ல. நான்தான் கவனிக்கல.”

“சரி விடுங்க, ஆனது ஆச்சு.”

“அப்படி விட முடியாது. நீங்க சொன்னதுக்கு நானும் சேர்ந்து சிரிச்சேன்.”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். துணியைத் தடவிக்கொண்டு, “நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது” என்று முனகினார். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பியபோது மகள் வாசலில் நின்றிருந்தாள். அம்மா சொல்லியிருப்பாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

“பிரேக்கைத்தான் மிதிச்சேன்னு எனக்குத் தெரியும்பா” என்றாள். குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. “முதல் ரெண்டு நாள் நல்லாத் தெரியும். அப்புறம் நீங்க எல்லாரும் சொன்னதையே நினைச்சு நினைச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கால் எங்க இருந்துச்சுன்னு இப்ப எனக்கே தெரியல. அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.”

மன்னிப்பு கேட்டு அவர் வாய்க்குப் பழக்கமில்லை. “தப்பு என்னுதும்மா” என்று மட்டும் சொல்லி, சாவியை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. தொங்கும் பம்பரைப் பார்த்தாள். உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தமும் பேட்டரிகள் உருளும் சத்தமும் கேட்டன. லைசென்ஸோடு திரும்பி வந்து, சாவியை வாங்கிக்கொண்டாள்.

அவர் குழித்து வைத்திருந்த இருக்கை அவளுக்குப் பொருந்தவில்லை. முன்னால் இழுத்துப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை எடுத்து வந்து வைத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். கிளம்புவதற்கு முன் நின்ற வண்டியிலேயே பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை...” என்று ஆரம்பித்தார்.

“பேசாம வாங்கப்பா.”

தெருமுனை வந்தது. சுவரில் வண்டியின் நீலப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் ஒருமுறை மிதித்தாள். வண்டி நின்றது. கீழே வண்டித் தரையில் அவர் கால் ஒருமுறை அழுந்தி, எழும்பி, மறுபடி அழுந்தியது.

“நின்னுடுச்சுப்பா” என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தெரியும்மா.”

வண்டி திரும்பிப் பெரிய சாலையில் ஏறியது. தூரத்தில் சிக்னல் சிவப்புக்கு மாறுவதை இருவரும் பார்த்தார்கள். அவர் இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்து, அது எழும்பாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.