வரவுக்கு வைத்த எண்ணெய்

செலீனாவின் குப்பிவிளக்கிலிருந்து அரைக் கோப்பை மண்ணெண்ணெய்கூடத் தேறவில்லை. அன்ரோனெற் பிளாஸ்ரிக் கானின் வாயில் பழைய சீலைத்துண்டைக் கட்டி, ஒரு சொட்டும் வெளியில் சிந்தாமல் விளக்கைக் கவிழ்த்தாள். கீரிக்கரையில் ஒன்பது வீட்டு விளக்கும் அடுப்பும் அன்று காலையில் வற்றிவிட்டன.

"திரியையும் பிழிஞ்சிட்டன் பிள்ளை. இனி இல்லை," என்றாள் பக்கத்து வீட்டுச் செலீனா.

அன்ரோனெற்றின் புருசன் கொன்ஸ்ரன்ரைன் முதல் நாள் பின்னேரம் வலைபடுக்கப் போனவன். விடியமுன்னம் வந்திருக்க வேண்டும். மணி பத்தாகிவிட்டது. நேவி, பொலிஸ் என்று சொல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. பார்க்கிறோம் என்றார்கள். எதை வைத்துப் பார்க்கப்போகிறார்களோ!

அந்த வருசம் நாட்டில் மண்ணெண்ணெய் இல்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. எங்கேயோ சண்டையாம், உலகம் முழுக்க எண்ணெய்க்கு அடிபிடியாம், மசகெண்ணெய்க் கப்பல் வரவில்லையாம், சுத்திகரிக்கிற ஆலையைப் பூட்டியாயிற்றாம். கதைக்கு ஒரு குறைவுமில்லை, கானுக்குள் ஊற்றத்தான் ஒன்றுமில்லை. கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. கீரிக்கரைக்காரர் தாங்களே ஒரு வழி பார்த்தார்கள். போகும்போது எஞ்சினைத் தொடுவதில்லை. தறப்பாளைப் பாயாகக் கட்டி, கரையிலிருந்து வெளியே தள்ளுகிற சோளகக் காற்றோடு ஓடுவது. இருக்கிற கொஞ்ச எண்ணெயை வரவுக்கு மட்டும் வைப்பது. மூன்று கிழமை நல்லாய்த்தான் போயிற்று. நேற்றுக் காற்று உரத்துவிட்டது. பாய் இழுத்துக்கொண்டுபோன தூரத்தை அந்த எண்ணெய் திருப்பிக் கொண்டுவருமா என்று யார் கண்டது?

யாகப்பர் தன் படகடியில் குந்தியிருந்தார். தேடிப்போகச் சம்மதித்த ஒரே ஆள் அவர்தான். கானுக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டு எண்ணெயின் மட்டத்தை அளந்து பார்த்தார்.

"போகக் காணும். கொஞ்சம் தேடவும் காணும். வரக் காணாது, பத்தாது."

"அண்ணை, எப்பிடியாவது…"

"எப்பிடிப் பிள்ளை? உன்ர மனுசனோட நானும் இழுபட்டு இந்தியப் பக்கம் போறதோ? இன்னும் அஞ்சு லீற்றர் கொண்டுவா. பெற்றோல் எண்டாலும் பறவாயில்லை, கலந்து ஓடுவன். மத்தியானத்துக்கு மேல காத்து இன்னும் உரக்கும். பிறகு இறங்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

அவருக்கும் பயம். அதை அவள் அவர் முகத்தில் கண்டாள். கொன்ஸ்ரன்ரைன் கொண்டுபோனது ஒரு போத்தல் தண்ணி. அதை நினைக்காதே, நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படகடியில் கிடந்த வெறுங்கான் ஒன்றைத் தூக்கினாள்.

பெற்றோல் ஷெட்டில் "இல்லை" என்ற மட்டை தொங்கிப் பதினாறு நாள். ஆனால் கடற்கரைக் கோயில் மண்டபத்துக்குக் கொழும்பிலிருந்து அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வெள்ளை வான் வந்திருந்தது. மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறதாம், அதை விளங்கப்படுத்த வந்திருக்கிறார்கள். உள்ளே திரையில் கடலின் வரைபடம் சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடந்தது.

"உலகம் இப்போது எரிவாயுவுக்குத்தான் அலைகிறது," என்று கண்ணாடி போட்ட ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். "நம்மட கடலில இருக்கிறது, எங்கட மதிப்பீட்டின்படி, நாட்டுக்குப் பல வருசத்துக்குப் போதும். கேள்வி இருந்தால் கேளுங்கோ."

அன்ரோனெற் கானோடு எழும்பினாள். "ஐயா, என்ர மனுசன் கடலில. இன்னும் வரேல்லை. தேடிப்போக அஞ்சு லீற்றர் பெற்றோல் வேணும். உங்கட வானில…"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுசன் இல்லை. முகம் உண்மையாகவே வாடியது.

"அரசாங்க வாகனம் அம்மா. நாங்களும் கொழும்புக்குப் போய்ச் சேர வேணுமே. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, கட்டாயம் மேலிடத்தில குடுக்கிறன்."

"அப்ப கீழ கிடக்கிற அதை எப்ப எடுப்பியள், ஐயா?"

"எல்லாம் சரியாய் வந்தால் ஏழெட்டு வருசம்."

அவள் கானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வான் உறுமிக்கொண்டு நின்றது. கதவடியில் சாரதி சசிகரன் நின்றான், மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியிருந்த குடும்பத்துப் பெடியன்.

"வெளிக்கிடப் போறியளோ தம்பி?"

"இல்லக்கா. ஐயாமாரு சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க. ஏறுறப்ப உள்ளுக்கு குளிரா இருக்கணும், அதான் ஏசியப் போட்டு வச்சிருக்கேன்."

"கொஞ்சம் நிப்பாட்டி, இதுக்குள்ள ஊத்தித் தாருமன். ஒரு உசிர் ராசா."

சசிகரன் கானைப் பார்த்தான், மண்டபத்தைப் பார்த்தான். "உள்ளுக்கு நீங்க கேட்டதெல்லாம் காதில விழுந்திச்சிக்கா. போன மாசம்தான் எண்ண எடுத்துக் குடுத்தான்னு ஒருத்தன வேலய விட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு." அவன் கானிலிருந்து முகத்தைத் திருப்பினான். "என்னைய ஏசாதீங்க."

அவள் கரைப்பக்கம் திரும்பினாள். மண்டபத்துக்குள் கோப்பைகள் வைக்கிற சத்தமும் பொரித்த மீன் வாசமும் வந்தன. காற்று சட்டென்று பெரிதாகிப் பனைகளைச் சரித்தது. மண் பறந்து அவள் முகத்தில் அடித்தது. கரையில் யாகப்பர் எழும்பி நின்று அவளையே பார்த்தார். அவள் வெறுங்கானைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேருமாய்த் தோள்கொடுத்துப் படகை மேட்டுக்குத் தள்ளத் தொடங்கினார்கள்.

"வேண்டாம் அண்ணை! அண்ணை!" என்று அவள் கத்தினாள். காற்று அதைக் கடல் பக்கமாகக் கொண்டுபோயிற்று.

அவளுக்குப் பின்னால் வானின் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. உள்ளே ஆளில்லாத சீற்றுகள் குளிர்ந்துகொண்டிருந்தன.