நாலு வருஷப் பல்செட்

மேல்வரிசைப் பல்செட் மூன்றாவது முறையும் நழுவி அப்பாவின் உதட்டோரம் வந்து நின்றது. செலின் அதைத் தண்ணீரில் நனைத்து ஈறோடு சேர்த்து மறுபடி அழுத்தினாள். காலையில் காப்பி குடிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார் பிரகாசம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தாடை இறுகிவிடும். அதற்குள் பல் உட்கார வேண்டும்.

“பல்லு இல்லாத மூஞ்சியோட அவர சர்ச்சுக்கு அனுப்பாத பாப்பா,” என்றாள் அம்மா.

மைசூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஈறு நோய்ப் பிரிவில் செலினுக்கு இருபது வருஷமாக நர்ஸ் வேலை. வருகிறவர்களிடம் எல்லாம் அலுக்காமல் சொல்வாள்: “கிருமி மட்டும் எலும்பக் கரைக்கறதில்லீங்க. கிருமிய அடிக்க நம்ம ஒடம்பே ஒரு படைய அனுப்புது. சண்ட ஓயாம நடந்தா, பல்லத் தாங்குற எலும்பு அதுலயே கரைஞ்சிடும்.” ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளிடம் சொந்த அப்பா மூச்சு விடவில்லை. ஈறில் ரத்தம் கண்டதும் மனுஷன் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் முன்னால் வாயைப் பிளக்க வெட்கம் வேறு. பல்லெல்லாம் ஆடிய பிறகுதான் அகப்பட்டார். எல்லாவற்றையும் பிடுங்கிய பின் இந்தப் பல்செட்டைச் செலினே முன்னின்று செய்து கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“எப்பம்மா இவ்ளோ லூஸாச்சு? நேத்து நான் வந்தப்ப நல்லாத்தான போட்டிருந்தாரு?”

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள்.

“நீ வர்ற ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுவாரு. மத்த நாள் டப்பாலதான் கெடக்கும். வலிக்குதாம். பாப்பா ஆசையா செஞ்சு குடுத்தது, சொல்லிடாதன்னு...”

செலின் மொபைல் வெளிச்சத்தை வாய்க்குள் பிடித்தாள். “கொஞ்சம் தெறங்கப்பா,” என்று பழக்கத்தில் வந்துவிட்டது. எலும்பு கரைந்து கரைந்து ஈறு தட்டையாகிக் கிடந்தது. வலப்பக்கம், பல்செட்டின் விளிம்பு உரசிய இடத்தில், ஒரு புண். நாலு வருஷமாக வாரா வாரம் எதிரே உட்கார்ந்து, கறியை மென்று, சிரித்தும் இருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஷெர்லி வாசலிலிருந்து கன்னடத்தில் குரல் கொடுத்தாள். “செலின், ஃபாதர் பந்த்ரு!”

செலின் பல்செட்டை வெளியே எடுத்துவிட்டாள். கன்னம் இரண்டும் உள்ளே வாங்கின.

“ஐயோ, ஃபாதர் வந்துட்டாரே. எல்லாரும் பாப்பாங்களே!”

“போதும்மா. கேட்டா நாந்தான் எடுத்தேன்னு சொல்லு.”

அம்மா பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நீட்டினாள். செலின் அதைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள், இறுகிவிடாமல் நடுவில் தன் விரல் ஒன்றை வைத்துக்கொண்டு.