ஆத்துப் பக்கம்

தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களை நிறுத்தி வழி கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிழக்கு, மேற்கு என்றா சொல்வீர்கள்? "கொஞ்ச தூரத்துல ஒரு ரொட்டிக் கடை வரும், அங்க திரும்புங்க" என்பீர்கள். அங்கே ரெண்டு ரொட்டிக் கடை இருந்தால் அவர் என்ன செய்வார் என்று யோசிக்க மாட்டீர்கள். நமக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு. லேசர் ப்ராட்கினுக்கும் அந்த நினைப்புதான் இருந்தது, முதல் உலகப் போருக்குப் போன இடத்திலும்.

நியூயார்க்கில், டிலான்சி தெருவும் எசெக்ஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் அவனுடைய வண்டி நிற்கும். நாலு பீப்பாய், எல்லாம் உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய். அன்று மத்தியானம் வண்டிக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். காற்றில் காய்ந்து சிவந்த முகம், பழுப்புக் கோட்டு. இந்த ஊர்க்காரி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் லேசர் ப்ராட்கினா?"

"ஆமாங்க. புளிச்சது வேணுமா, பாதி புளிச்சதா?"

"நான் ராக்னா லுண்டே. மொன்டானாலேர்ந்து வர்றேன். ஹால்வரோட தங்கச்சி."

உப்புநீருக்குள் விட்டிருந்த கையை லேசர் வெளியே எடுக்கவில்லை.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர்கள் ஊரில் போரில் செத்தவர்களுக்குக் கல் நடுகிறார்கள். ஹால்வர் பெயரைப் பொறிக்கக் கமிட்டி மறுக்கிறது. உடம்பு கிடந்தது ஜெர்மன்காரன் பக்கம். நம் ஆட்கள் இருந்த இடத்துக்கும் அவன் போக வேண்டிய இடத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஓடைக்கரை. சரணடையப் போனவன்தான் அங்கே போவான் என்கிறார்கள். "பேரே ஜெர்மன்காரன் பேர் மாதிரில்ல இருக்குன்னு ஒருத்தர் எங்கப்பா முகத்துக்கு நேராவே சொன்னாரு. நாங்க நார்வேக்காரங்க." அண்ணன் இருந்த படை டிவிஷனின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்துவிட்டாள். அதை எழுதுகிற கேப்டன், கூட இருந்தவர்கள் யாராவது வந்து சொன்னால் எழுதுகிறேன் என்று லேசரின் பெயரைக் கொடுத்து, நாளைக்குக் காலையில் அழைத்து வா என்றிருக்கிறார்.

"மூடுபனில வழி தவறியிருப்பான்னு வேணா போடறேங்கறாரு. அத எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு. பனிப்புயல்ல காணாமப்போன ஆட்ட எல்லாம் ராத்திரியோட ராத்திரியா தேடி ஓட்டிட்டு வந்தவன் எங்கண்ணன். அவனுக்கா வழி தெரியாது? அப்ப வேணும்னேதான் போனானான்னு கேட்டுட்டு அவரு சாப்பிடறதையே விட்டுட்டாரு."

லேசர் ஒரு வெள்ளரிக்காயைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மரியாதைக்கு ஒரு கடி கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த டிவிஷனைப் பற்றி எல்லோரும் சிரிப்பார்கள். நியூயார்க் தெருக்களில் பொறுக்கி எடுத்த கூட்டம். பொத்தான் தைக்கிறவன், முடி வெட்டுகிறவன், ஓட்டலில் தட்டு கழுவுகிறவன். ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குப் புரியாது. தெருவிளக்கு இல்லாத இருட்டையே அதுவரை பார்த்திராதவர்களைக் கொண்டுபோய் பிரான்சில் ஆர்கான் காட்டில் விட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். பயத்தில் லேசர்தான் அந்த வேலையைத் தொடங்கினான். பிஸ்கட் பெட்டிப் பலகையில் கரியால் 'டிலான்சி' என்று எழுதி ஒரு பாதையோர மரத்தில் அடித்தான். அதைக் குறுக்கே வெட்டிய பாதை எசெக்ஸ். அன்றைக்கு எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்த பிறகு காடு கொஞ்சம் சின்னதானது மாதிரி இருந்தது.

செத்தவர்களின் இடத்தை நிரப்ப அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஹால்வர் அப்படி வந்தவன். முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டான். ஒருநாள் கம்பெனித் தலைமையிடத்துக்கு ஒரு செய்தியைக் கொண்டுபோக ஹால்வரை அனுப்பினார்கள். வழி சொன்னது லேசர்.

"டிலான்சிலயே போ. எசெக்ஸ் வந்ததும் ஆத்துப் பக்கமா திரும்பு."

டிலான்சியில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆற்றுப் பக்கம் என்றால் கிழக்கு. பாலம் இருக்கிற பக்கம். காட்டிலும் கிழக்கை எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹால்வர் ஒரு நிமிஷம் நின்றான்.

"ஆத்துப் பக்கமாவா? நிச்சயமா?"

"ஆமாய்யா, ஆத்துப் பக்கம்தான். ஆடுங்களோட சேந்து தண்ணி குடிச்சவன்தானே நீ? ஆறு தெரியாதா உனக்கு?"

பதுங்குகுழி முழுக்கச் சிரித்தது. ஹால்வரும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனான். மேற்கே சரிவில் நிஜமாகவே ஓர் ஓடை இருந்தது. அதன் மறுகரையில் ஜெர்மன் துப்பாக்கி. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று மண்ணை முகர்ந்தே சொல்லக்கூடியவன் அவன். வழி தவறவே இல்லை. சொன்ன இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான்.

ராக்னா கையில் காகிதத்தோடு ஓரமாக நின்றிருந்தாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு லேசர் எதிர்ப்புற முடிவெட்டும் கடைக்குள் போனான். கடைக்காரன் நுன்சியோ போரில் அதே பிளாட்டூனில் இருந்தவன். சிரித்தவர்களில் அவனும் ஒருவன். ஒருவரின் தாடையில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"அதான் கேப்டனே மூடுபனின்னு எழுதறேங்கறாரே. ஆமான்னு தலையாட்டிட்டு வா. கல்லுல பேரு வந்துடும், கத முடிஞ்சுது."

"அவங்கப்பா நம்ப மாட்டாராம்."

"டேய், போர்ல ஆயிரம் நடக்கும். நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"அவன் கேட்டான்டா. நிச்சயமாவான்னு கேட்டான்."

"எனக்கும் காது இருக்கு" என்றான் நுன்சியோ. அப்புறம் கத்தியைத் தோல் வாரில் தீட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே தீட்டிய கத்திதான்.

லேசர் திரும்பி வந்தபோது அவள் கிளம்பத் தயாராக இருந்தாள். நாளைக் காலை வருவதாக அவன் சொல்லிவிட்டான். என்ன சொல்லப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. மூடுபனி என்ற சொல் நாக்கின் நுனியில் வசதியாக உட்கார்ந்திருந்தது. அதுவும் பொய் இல்லையே, அன்றைக்கு மூடுபனி இருக்கத்தானே செய்தது.

"நான் தங்கியிருக்கற விடுதிக்கு இங்கேர்ந்து எப்படிப் போகணும்?" என்று ராக்னா தெருப் பெயரைச் சொன்னாள்.

"எசெக்ஸ்லயே போங்க. மூணாவது தெரு வந்ததும் ஆத்துப் பக்கமா திரும்புங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

அவள் நின்றாள். அண்ணன் நின்ற அதே மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்து.

"எந்த ஆறு? காலைல ரயில விட்டு இறங்கினப்ப அந்தக் கோடில ஒண்ணு பாத்தேன். இங்க பாலத்துக்குக் கீழயும் ஒண்ணு ஓடுது. உங்க ஊர்ல ரெண்டு பக்கமும் ஆறுதானே?"

இத்தனை வருஷம் இந்தத் தெருவில் ஒருவரும் லேசரிடம் அப்படிக் கேட்டதில்லை. பீப்பாய்களை மூடக்கூட இல்லாமல் வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவளோடு நடந்தான். விடுதி வாசலில், "பாவம், உங்களுக்கு எவ்ளோ தொந்தரவு" என்று அவள் சொன்னாள். அவளுடைய கையில் பாதி கடித்த வெள்ளரிக்காய் அப்படியே இருந்தது. வீசி எறிய மனம் வரவில்லை போல.

மறுநாள் காலை லேசர் வண்டியை எடுக்கவில்லை. நுன்சியோ கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தான். கேப்டன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, மூடுபனி என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். ராக்னா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லேசர் அவளைப் பார்த்து, "வழி சொன்னது நான்" என்றான்.